இல்லாத பாத்ரூமில் விழுந்தவள்

வீராயியைப் பற்றி மூலக்குளத்துப் பக்கம் யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் பேசுவார்கள். "அந்தப் பொம்பளையா? பஸ்ஸையே நிறுத்தி வெச்சவளாச்சே!" என்பார்கள். நிறுத்திவைத்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் அந்த பஸ் அவளைக் கீழே தள்ளியது. அதை விட்டுவிட்டு இதை மட்டும் சொல்லிச் சிரிப்பது என்ன நியாயம்?

இரண்டாயிரத்து நான்காம் வருஷம். வீராயிக்கு நாற்பது தாண்டியிருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. உழவர்கரை வாய்க்கால் ஓரம் புறம்போக்கில் வரிசையாக இருந்த வீடுகளில் ஒன்றில் அவளும் புருஷன் ஜானகிராமனும் இருந்தார்கள். தினமும் காலையில் பஸ் ஏறி டவுனுக்குப் போய், கடற்கரைக்குப் பக்கத்தில் ழனெத் அம்மா வீட்டில் வேலை செய்துவிட்டு மத்தியானம் திரும்புவாள். ழனெத் அம்மா பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் தமிழ் விதவை. அந்த வீட்டில் ஆள் ஒருத்தி, பாத்ரூம் மூன்று. மூன்றையும் தேய்த்துக் கழுவுவது வீராயி.

ஜானகிராமன் கொத்தனார். லாஸ்பேட்டையில் உத்தியோகஸ்தர்கள் வீடு கட்டினால், டைல்ஸ் வேலைக்கு அவனைத்தான் தேடுவார்கள். கோணல் இல்லாமல், தண்ணீர் தேங்காமல் பாத்ரூம் போடுவதில் கெட்டிக்காரன். அவன் வீட்டில் பாத்ரூம் கிடையாது. பின்பக்கம் ஒரு கருங்கல், இரண்டு கம்பு, ஒரு பழைய சேலை மறைப்பு. அங்கேதான் குளியல். மற்றதற்கு விடியுமுன் கருவேலங்காடு. கல்யாணமான புதிதில் "அடுத்த மாசம் கட்டிடறேன்டி" என்று சொன்னவன், மகளுக்குக் குழந்தை பிறந்த பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். ஊரானுக்கெல்லாம் கட்டிக்கொடுக்கிறவனுக்குச் சொந்த வீட்டில் சாந்துக் கரண்டி பிடிக்கக் கை வராது. இது அவன் ஒருவனுடைய வியாதி இல்லை, எந்தக் கொத்தனார் வீட்டுக்கும் போய்ப் பாருங்கள்.

அன்று மத்தியானம் வீராயி பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கால் ரோட்டில், ஒரு கால் படியில். பின்னால் இன்னொரு தனியார் பஸ் ஆரன் அடித்துக்கொண்டு வந்தது. அது முந்திவிட்டால் அடுத்த ஸ்டாப்பில் நிற்கிற ஆட்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும். கண்டக்டர் விசிலை ஊதினான். பஸ் கிளம்பிவிட்டது. கம்பியைப் பிடித்த கை பிடித்தபடி இருக்க, அவளைக் கொஞ்ச தூரம் இழுத்து, அப்புறம் ரோட்டில் வீசியது. வலது தொடை எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

கூட்டம் கூடியதும் பஸ் நின்றது. கண்டக்டர் ஓடிவந்து ஆட்டோ பிடித்தான், ரொம்ப நல்லவன் மாதிரி. அந்த வழியாக வந்த பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பா, ரெட்டியார்பாளையத்தில் வேலையாக இருந்த ஜானகிராமனுக்குச் சொல்ல ஓடினாள். கையில் சிமெண்டுடன் அவன் ஒரு நர்சிங் ஹோம் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, கண்டக்டர் அவனைத் தனியாக ஓரங்கட்டினான்.

"அண்ணே, ஆக்சிடெண்டுன்னு சொன்னீங்கன்னா போலீஸ் கேஸ். இங்க சேத்துக்கவே மாட்டாங்க. அக்கா இப்படியே கெடக்கணும். வூட்ல வுழுந்துட்டாங்கன்னு சொல்லுங்க. செலவெல்லாம் ஓனரு பாத்துப்பாரு."

உள்ளே ஒரு பெண் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். "எப்படி ஆச்சு?" என்றாள். காலையிலிருந்து ஒரு பாத்ரூமுக்குத் தரை போட்டுக்கொண்டிருந்தவன் ஜானகிராமன். வாயில் அதுதான் வந்தது.

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாங்க."

அவனைத் திட்டத்தான் வேண்டும், ஆனால் அவனை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. நம் பக்கத்து ஆஸ்பத்திரிச் சீட்டுகளை நம்பினால் இந்த ஊரில் ரோட்டில் ஒருத்தரும் அடிபடுவதே இல்லை. எல்லாரும் மாடிப்படியிலும் பாத்ரூமிலும்தான் விழுகிறார்கள். ஸ்ட்ரெச்சரில் கிடந்த வீராயியின் காதில் அது விழுந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால் வாய் திறக்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து அவள் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு தடவைதான். அதற்கே அத்தனை தண்டனை.

தொடைக்குள் கம்பி வைத்தார்கள். எலும்பு கூடியது, ஆனால் நேராகக் கூடவில்லை. கால் கட்டையாகிப் போனது, முட்டி பாதிக்குமேல் மடங்கவில்லை. குத்துக்கால் போட்டு உட்கார முடியாதவள் எந்த வீட்டு பாத்ரூமைத் தேய்ப்பாள்? வேலை போயிற்று. அதைவிடக் கொடுமை, கருவேலங்காட்டுக்கும் போக முடியவில்லை. ஜானகிராமன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டு, சேலை மறைப்புக்குப் பின்னால் வைத்து, கீழே வாளி வைத்தான். தினமும் அவனே எடுத்துக் கொட்டினான். முகம் சுளிக்கவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் வீராயிக்கு உடம்பு பூராவும் கூசியது.

செலவைப் பார்த்துக்கொள்வார் என்ற பஸ் ஓனர், ஜானகிராமன் போய் நின்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எந்த பஸ்ஸு? எந்தப் பொம்பள? உம் பொண்டாட்டி பாத்ரூம்ல வுழுந்துட்டு எம் பஸ்ஸு மேல பழி போடறீங்களா?" நர்சிங் ஹோம் சீட்டின் நகல் அதற்குள் அவர் கைக்குப் போயிருந்தது.

ஜானகிராமன் வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "வுட்டுடலாம் வீராயி. எழுதினது எழுதினதுதான். நாம போயி இல்லன்னா யாரு நம்புவா?"

"நீ சொன்ன பொய்ய நம்பினாங்க இல்ல? நான் சொல்ற நெசத்த நம்பட்டும்" என்றாள் அவள். "பஸ்ஸு தள்ளினதுன்னு கோர்ட்டு வாயால சொல்லணும். அதுவரைக்கும் வுடமாட்டேன்."

செய்தி கேட்டுப் பார்க்க வந்த ழனெத் அம்மாதான், "ஒரு நல்ல மேத்ருகிட்ட போ" என்றாள். அந்தக் காலத்துப் பழக்கம், வக்கீல்களை அவள் இன்னமும் மேத்ரு என்றுதான் சொல்வாள். அவள் காட்டிய மேத்ரு, செந்தமிழ்ச்செல்வி என்ற இளம்பெண். சீட்டைப் படித்ததும் செந்தமிழ்ச்செல்வி பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"அக்கா, இத வெச்சிக்கிட்டு ஜெயிக்கறது கஷ்டம். போலீஸ் கம்ப்ளெய்ண்டும் லேட். டிக்கெட்டாவது இருக்கா?"

"தொட ஒடஞ்சி ரோட்ல கெடக்கறவ டிக்கெட்டையா பத்திரப்படுத்துவா? சேலையையே வெட்டிப் போட்டுட்டாங்கம்மா."

செந்தமிழ்ச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேனாவை மறுபடி திறந்தாள். விபத்து நஷ்டஈட்டு வழக்கு அப்படித்தான் தொடங்கியது.

அது நடந்த கதையை எல்லாம் சொன்னால் நீங்களே எழுந்து போய்விடுவீர்கள். வாய்தா, வாய்தா, வாய்தா. ஜட்ஜ் லீவு, வக்கீல் ஸ்ட்ரைக்கு, கேஸ் கட்டு கிடைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் வீராயி ஊன்றுகோலுடன் போய் நின்றாள். அதுவும் அதே பஸ்ஸில் போய்த்தான். "டெம்போவுல போயேன்டி" என்றான் ஜானகிராமன். "நான் ஏன்யா பயப்படணும்? தப்பு பண்ணவனுங்கதான் என்னப் பாத்துப் பயப்படணும்" என்றாள்.

உண்மையிலேயே பயப்பட்டார்கள். ஸ்டாப் வந்ததும் வீராயி உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பாள். "நில்லுடா. நான் எறங்கணும், சேலைய சரி பண்ணணும், நாலடி நடக்கணும். அதுக்கப்புறம்தான் விசில் அடிக்கணும். முன்னாடி அடிச்ச, கோர்ட்ல உம் பேரையும் சேத்துடுவேன்." பின்னால் போட்டி பஸ் ஆரன் அடித்து உயிரை வாங்கும். டிரைவர் ஸ்டியரிங்கில் தாளம் போடுவான். ஜனங்கள் சிரிப்பார்கள். அவள் நிதானமாக ஒவ்வொரு படியாக இறங்கி, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்த்து, "ம், போ" என்பாள். பஸ்ஸை நிறுத்திவைத்த கதை இதுதான்.

லோக் அதாலத்துக்குக் கூப்பிட்டார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி பக்கத்து வக்கீல் மாக்சிம், நரைத்த தலை, நல்ல உயரம், குரலில் வெண்ணெய் தடவியிருக்கும். ஏதோ ஒரு தொகை சொன்னார். பிச்சை என்றால் அதிகம், காலுக்கு விலை என்றால் கேவலம்.

"கையெழுத்து போடறேன் சார்" என்றாள் வீராயி. "பஸ்ஸுலேர்ந்து வுழுந்தேன்னு அதுல எழுதுவீங்களா?"

"அதெல்லாம் எழுத மாட்டாங்கம்மா. இது சமரசம்."

"அப்ப பாத்ரூம்ல வுழுந்தவளுக்கு பஸ்காரன் ஏன் சார் பணம் தரான்? தர்மம் பண்றானா? எனக்கு வேணாம்."

ஜானகிராமன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். அவள் தட்டிவிட்டாள். மாக்சிம் காகிதங்களை அடுக்கிக்கொண்டே, "கூண்டுல பாத்துக்கலாம்" என்றார்.

கூண்டில் அவர் வெண்ணெயை எல்லாம் வழித்துப் போட்டுவிட்டார். அன்றைக்கு யாருமே விழவில்லை என்று கண்டக்டர் ஏற்கெனவே சாட்சி சொல்லிவிட்டுப் போயிருந்தான். மாக்சிம் நர்சிங் ஹோம் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"உங்க வீட்டு பாத்ரூம்ல வழுக்கி விழுந்துதான் உங்க கால் ஒடஞ்சிது. சரிதானே?"

"எங்க வூட்ல பாத்ரூமே கெடையாது சார்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாக்சிமும் புன்னகைத்தார். "உங்க புருஷன் என்ன வேலை?"

"கொத்தனாரு."

"டைல்ஸ் போடற கொத்தனார். அவர் வீட்ல பாத்ரூம் இல்லன்னு கோர்ட்டை நம்பச் சொல்றீங்க?"

இப்போது பலபேர் சிரித்தார்கள். வீராயிக்கு ரத்தம் தலைக்கேறியது. வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். ஜட்ஜைப் பார்த்து, கோர்ட் பூராவும் கேட்கும்படி சொன்னாள்.

"ஐயா, சிரிக்கறவங்க சிரிக்கட்டும். என் வயசுக்கு நான் ஒருநாளும் தாப்பா போட்டுக் குளிச்சதில்ல. சேல மறப்புலதான் குளிக்கறேன். கால் ஒடஞ்சப்புறம் ஓட்ட போட்ட நாற்காலியிலதான் வெளிக்கிப் போறேன். சொல்லக்கூடாதத சொல்லவெச்சிட்டாங்க, சொல்லிட்டேன். நம்பிக்கை இல்லன்னா வூட்டுக்கு ஆள அனுப்பிப் பாருங்க."

செந்தமிழ்ச்செல்வி சட்டென்று எழுந்து, வீட்டைப் பார்த்து அறிக்கை தர ஒரு கமிஷனரை நியமிக்க வேண்டும் என்று கேட்டாள். மாக்சிம் வேண்டாம் என்றார். ஜட்ஜ் சரி என்றார்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜானகிராமன் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. மறுநாள் வேலைத்தளத்தில் அவனை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். "என்னா மேஸ்திரி, லாஸ்பேட்டைக்கே பாத்ரூம் போட்டுட்டு வூட்ல சேலையா?" அவன் சாந்தைக் குழைத்தபடியே இருந்தான். மனசுக்குள் எதையோ முடிவுகட்டிவிட்டான்.

கமிஷனர் வருவதற்கு முதல் நாள், வீராயி செந்தமிழ்ச்செல்வியைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல பஸ்ஸைக் காக்க வைத்து இறங்கி, வீட்டுக்கு வந்தாள். பின்பக்கத்தில் கரண்டிச் சத்தம் கேட்டது. சேலை மறைப்பைக் காணோம். அந்த இடத்தில் இடுப்பு உயரத்துக்கு மூன்று பக்கமும் செங்கல் சுவர். ஓரத்தில் நீல டைல்ஸ் அடுக்கியிருந்தது. வைக்கோல் சுற்றியபடி ஒரு வெள்ளை வெஸ்டர்ன் கக்கூஸ் கோப்பை, மடங்காத காலோடும் உட்காரக்கூடியது. ஜானகிராமன் வியர்த்து வழிய, முகமெல்லாம் சிரிப்பாக நின்றான்.

"என்னாய்யா இது?"

"பாத்ரூம்டி! கடைக்காரன்கிட்ட கடன் சொல்லி எல்லாத்தையும் எடுத்தாந்துட்டேன். நாளைக்கு கோர்ட்டு ஆளுங்க வராங்க இல்ல? அவங்க வரதுக்குள்ள சொவராவது எழும்பிடும். பொண்டாட்டிய சேல மறப்புல வுட்டவன்னு எவனும் எழுதிக்கினு போக வேணாம்."

வீராயி ஊன்றுகோலை ஓங்கித் தரையில் தட்டினாள்.

"அட படுபாவி! இல்லன்றத பாக்கத்தான்யா வராங்க!"

ஜானகிராமனின் கரண்டி அந்தரத்தில் நின்றது. அவனுக்கு அது தோன்றவே இல்லை. நம்பினால் நம்புங்கள். கட்டட வேலையில் ஊறிப்போனவன் அவன். இன்ஜினியர் பார்க்க வருகிறார் என்றால் வருவதற்குள் எழுப்பிவிட வேண்டும், குறை இருந்தால் பூசிவிட வேண்டும். இத்தனை வருஷமாக அவன் கற்றது அதுதான். யாராவது ஒருத்தர் இல்லாததைப் பார்க்க வருவார் என்பது அவன் மண்டையில் ஏறுகிற விஷயமில்லை.

வீராயி சுவர் ஓரமாகப் போய் ஈரச் செங்கலில் கையை வைத்தாள். இருபது வருஷத்துக்கு மேல் கேட்ட சுவர். கெஞ்சிக் கேட்டாள், சண்டை போட்டுக் கேட்டாள், மகள் பெரியவளான அன்று அழுது கேட்டாள். இன்றைக்கு, இடிக்க வேண்டிய அன்றைக்கு, வந்து நிற்கிறது. அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்படியே வாய்விட்டு அழுதாள். ஜானகிராமன் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முன்னால் கையைப் பிசைந்தான்.

"இடிய்யா" என்றாள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"வீராயி... ஒன்னால அந்த நாற்காலியில உக்கார முடியலன்னுதான்டி..."

"தெரியும்யா. எனக்குத் தெரியாதா? இது இங்க நின்னா நான் கூண்டுல சொன்னது பொய்யாப் போயிடும். வாழ்நாள் பூரா பாத்ரூம்ல வுழுந்தவளாவே இருக்கச் சொல்றியா? இடி."

அவன் கை எழவில்லை. கட்டிய சுவரை இடிக்க அந்தக் கைக்குத் தெரியாது. வீராயி ஒரு கையால் பக்கத்திலிருந்த தண்ணீர்த்தொட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையிலிருந்த ஊன்றுகோலைச் சுவரில் ஊன்றி, பலம்கொண்ட மட்டும் தள்ளினாள். ஈரச் சாந்து தானே, மேல்வரிசை பொதுக்கென்று சரிந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த சின்னப்பாப்பா, "ஐயையோ, ஒனக்கு என்னா பைத்தியமா?" என்று வாயில் அடித்துக்கொண்டாள். வீராயி அடுத்த வரிசையில் கோலை வைத்தாள். "தள்ளுடி, நீ வுழுந்துடுவ" என்று ஜானகிராமன் வந்து தோள் கொடுத்தான். இருட்டுவதற்குள் கல்லையெல்லாம் எடுத்து அடுக்கி, சாந்தைச் சுரண்டி, பழைய சேலையைப் பழைய கம்பிலேயே கட்டிவிட்டார்கள்.

மறுநாள் கமிஷனர் வந்தார். அவரும் ஒரு வக்கீல்தான், வயசு குறைவு, கையில் அட்டையும் டேப்பும். கூடவே செந்தமிழ்ச்செல்வி, மாக்சிம். வாய்க்கால் ஓரத்து ஜனம் முழுக்க வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கத் திரண்டது. மாக்சிம் முன்னால் போனார். பின்பக்கம் வந்ததும் குனிந்து தரையைப் பார்த்தார். அந்த மனுஷனுக்குக் கண் கூர்மை.

"இது என்ன? புது சிமெண்டுக் கறை. அங்க பாருங்க, செங்கல், டைல்ஸ்! இருந்த பாத்ரூமை இடிச்சுட்டு நாடகம் போடறாங்க. இதையும் எழுதிக்குங்க."

கமிஷனர் பேனாவைத் தூக்கினார். செந்தமிழ்ச்செல்விக்கு முகம் வெளுத்துவிட்டது. இந்தக் கதை அவளுக்கே தெரியாது. மூன்று வருஷம் இழுத்துப் பிடித்த கயிறு கையை விட்டு நழுவுகிற மாதிரி இருந்தது வீராயிக்கு. அவள் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து ஜானகிராமன் வந்தான். கோர்ட்டில் பின்வரிசையைத் தாண்டாதவன் அவன்.

"எழுதிக்குங்க சார். நேத்து கட்டினதும் நான்தான், இடிச்சதும் நாங்கதான். நீங்க வரீங்கன்னு வெக்கப்பட்டுக் கட்டினேன். இவதான் இடிக்கச் சொன்னா. அன்னிக்கு ஆஸ்பத்திரியில பாத்ரூம்னு சொன்னதும் நான்தான். அது பொய். கேஸுன்னா சேத்துக்க மாட்டாங்கன்னு கண்டக்டர் சொன்னான், பயந்து சொல்லிட்டேன். எங்க வேணா வந்து இத சொல்றேன்."

"அழகா சொல்லிக்கொடுத்திருக்காங்க" என்றார் மாக்சிம்.

"பாத்ரூம் இருந்ததுன்னா தண்ணி எங்க சார் போயிருக்கும்?" என்று அவன் திருப்பிக் கேட்டான். "குழா எங்க? குழி எங்க? எங்க வேணா தோண்டிப் பாருங்க. மம்முட்டி நானே தரேன்."

கமிஷனர் சுற்றி வந்து பார்த்தார். குழாய் இல்லை, குழி இல்லை, அடித்தளம் போட்ட அடையாளம் இல்லை. கருங்கல்லைச் சுற்றிப் பாசி படிந்திருந்தது. கோப்பை வைக்கோலைக்கூடப் பிரிக்காமல் கிடந்தது. அவர் சேலை மறைப்புக்கு முன்னால் வந்து தயங்கினார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் கோர்ட்டில் சொன்னதைப் படித்துவிட்டு வந்தவர்தானே.

வீராயி ஊன்றுகோலை ஊன்றி நடந்து வந்து, தன் கையாலேயே சேலையை ஒரு பக்கமாக இழுத்துவிட்டாள். ஓட்டை போட்ட நாற்காலி, கீழே வாளி. ஊர் ஜனம் முழுக்கப் பார்த்தது. மாக்சிம் வாய்க்கால் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அங்க என்னா சார் பாக்கறீங்க?" என்றாள் வீராயி. "இங்க பாருங்க. இதுதான் நான் வழுக்கி வுழுந்த பாத்ரூம். நல்லாப் பாத்துட்டு எழுதச் சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. கமிஷனர் எழுதினார்.

அப்புறம் ஜானகிராமன் கூண்டேறினான். மாக்சிம் அவனைப் பொய்யன் என்று நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தார். "ஆமா சார், அன்னிக்குப் பொய் சொன்னேன். அதனாலதான் இன்னிக்கு இங்க நிக்கறேன்" என்று ஒரே பதிலையே திருப்பித் திருப்பிச் சொன்னான். கூண்டை விட்டு இறங்கி வந்தவனுக்கு வீராயி தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அந்தப் பொய்க்கு அவள் கொடுத்த மன்னிப்பு அவ்வளவுதான். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

தீர்ப்பு வந்த அன்று செந்தமிழ்ச்செல்வி அதை வராண்டாவில் நின்று படித்துக் காட்டினாள். பயணி இறங்கி முடிப்பதற்குள் பேருந்தை அஜாக்கிரதையாக ஓட்டியதே எலும்பு முறிவுக்குக் காரணம். தொகை என்ன என்று சொல்ல வந்தவளை வீராயி கையமர்த்தினாள்.

"அது இருக்கட்டும்மா. அந்த பஸ்ஸு வரிய இன்னொரு வாட்டி படி."

செந்தமிழ்ச்செல்வி இன்னொரு வாட்டி படித்தாள். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே படித்தாள்.

பணம் கைக்கு வர இன்னும் பல மாசம் ஆயிற்று. வந்ததும் ஜானகிராமன் வேறு எந்த வேலைக்கும் போகவில்லை. குழி தோண்டினான், குழாய் போட்டான், அதே செங்கல்லை மறுபடி அடுக்கினான். வெள்ளைக் கோப்பையை வைத்து, பக்கத்துச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் பதித்தான். தரைக்கு அந்தப் பளபளக்கும் நீல டைல்ஸை எடுத்தபோது வீராயி பாய்ந்தாள்.

"யோவ், வழுவழுன்னு போடாத. சொரசொரப்பா வாங்கிக்கினு வா. நாளைக்கு இதுல நான் நெசமாவே வழுக்கி வுழுந்தேன்னா ஊர்ல ஒருத்தனும் நம்பமாட்டான்!"

ஜானகிராமன் வயிறு குலுங்கச் சிரித்தான். சின்னப்பாப்பா சிரித்தாள். சொரசொரப்பாகவே போட்டான்.

வேலை முடிந்த அன்று காலை வீராயி உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. இரண்டு கையாலும் தள்ளிப் போட்டாள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வெகுநேரம் தண்ணீர்ச் சத்தமே கேட்காததால் ஜானகிராமனுக்குப் பயம் வந்துவிட்டது. கதவைத் தட்டினான்.

"வீராயி! என்னாடி ஆச்சி? வுழுந்துட்டியா?"

"வுழல்ல."

"அப்ப என்னாதான் பண்ற உள்ள?"

"ஒண்ணும் பண்ணல. தாப்பா போட்டுக்கினு நிக்கறேன். நீ போய்யா."